கொம்புச்சா சார்

மார்ச் 4

அன்புள்ள லேப் அக்காவுக்கு,

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உன்னைக் கூப்பிட்ட பெயரிலேயே தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதே. "போன்ல பேசினா நீங்க மட்டும்தான் பேசுவீங்க, எழுதுங்க" என்று சொல்லிவிட்டு நீ உன் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் வீட்டுச் சமையலறைக் கீழ்த்தட்டில், மாவு டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. வாயில் துணி போட்டு ரப்பர் பேண்டு மாட்டியிருக்கிறது. உள்ளே பழுப்புத் தண்ணீர். மேலே தடித்த ஆடை ஒன்று மிதக்கிறது. நம் ஆய்வகத்தில் ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருந்த தவளை நினைவுக்கு வந்தது. புளித்த வாடை. கெட்டுப்போயிற்று என்று நினைக்கிறேன். கொட்டிவிடட்டுமா?

மற்றபடி சௌகரியம். சோறு மட்டும் ஒரு நாள் குழைகிறது, மறுநாள் விறைக்கிறது.

உன் சார்

மார்ச் 9

சாருக்கு,

கொட்டாதீர்கள். அது கெடவில்லை. கொம்புச்சா என்று பெயர். தேநீரைப் புளிக்க வைத்த பானம். மேலே மிதப்பதுதான் அதற்குத் தாய். கடையில் வாங்கிய ஒரு புட்டியிலிருந்து நான் வளர்த்தது. மூன்று முறை பூசணம் பிடித்து, நான்காவது முறைதான் கூடிவந்தது.

இத்தனை நாளில் ரொம்பவே புளித்திருக்கும். அந்த ஆடையோடு ஒரு தம்ளர் மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டுங்கள். பால் சேர்க்காத தேநீரில் சர்க்கரை போட்டு, நன்றாக ஆறிய பிறகு ஊற்றுங்கள். அவசரப்பட்டுச் சூடாக ஊற்றினால் செத்துவிடும். இறுக்கி மூடாதீர்கள், அதற்கும் மூச்சு வேண்டும்.

பழைய ஆடைக்கு மேல் புதிதாக ஒன்று படியும். அது தடித்ததும் எழுதுங்கள். அதை எடுக்க நானே வருகிறேன். அங்கே இருப்பதா, இல்லை ஒரேயடியாக இங்கேயே தங்கிவிடுவதா என்று அப்போது உட்கார்ந்து பேசலாம்.

நலமாக இருக்கும்,
நான்

மார்ச் 28

அன்புள்ள லேப் அக்காவுக்கு,

குடித்துவிட்டேன். முதல் வாய்க்கு முகம் அஷ்டகோணலானது. இரண்டாவது வாய்க்கு நாக்கு கொஞ்சம் யோசித்தது. மூன்றாவதற்குத் தம்ளரில் ஒன்றும் இல்லை. உதாரணம் சொல்கிறேன்: வருடத் தொடக்கத்தில் கடைசி பெஞ்சில் முறைத்துக்கொண்டு உட்காரும் மாணவி, அரையாண்டுத் தேர்வுக்குள் நம்மைச் சுற்றியே வருவாள் அல்லவா, அந்த மாதிரி. முதலில் புளிப்பு, பின்னாலேயே ஒரு இனிப்பு, தொண்டையில் பொடிப்பொடியாகக் குறுகுறுப்பு.

இஞ்சியைத் தட்டிப் போட்டு ஒரு புட்டியில் அடைத்து நான்கு நாள் வைத்தேன். திறந்ததும் பாதி சீலிங்குக்குப் போய்விட்டது. சத்தம் கேட்டு அடுத்த வீட்டுத் தையற்காரர் ஓடிவந்து, "என்ன சார், ரிட்டயர் ஆகியும் சோதனை நிக்கலையா?" என்றார். மிச்சத்தை அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். இப்போது தினமும் வந்து நிற்கிறார்.

புதிய ஆடை காகிதக் கனத்துக்கு வந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். கண் முன்னால் இருந்ததை இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

உன் சார்

ஏப்ரல் 2

சாருக்கு,

சீலிங்கைத் துடைத்தீர்களா? படித்துவிட்டு நான் சிரித்ததைப் பார்த்து என் தங்கை, "என்னக்கா, கோபமெல்லாம் கரையுதா?" என்று கேட்டாள். கொஞ்சம் என்றேன்.

போன வருடம் ஒரு நாள் உங்களுக்கு இதை ஊற்றிக் கொடுத்தேன். செய்தித்தாளை விட்டுத் தலை தூக்காமல், "மோர் புளிச்சிருக்கு" என்றீர்கள். இப்போதாவது ருசி தெரிந்ததில் சந்தோஷம்தான்.

இருபதாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். அதுவரை அந்தப் புது ஆடையைத் தொடாதீர்கள். பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கிவிட்டேன். நிறையவே அடுக்குகிறேன்.

நான்

ஏப்ரல் 11

அன்புள்ள லேப் அக்காவுக்கு,

ஒரு பெரிய செய்தி. ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத்தில் என்னைச் செயல்விளக்கம் செய்யச் சொன்னார்கள். நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஜாடியை மேசையில் வைத்துச் சாக்பீஸைக் கையில் எடுத்ததும் பழைய தெம்பு வந்துவிட்டது. "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று செயலாளர் கேட்டார். "நல்ல கண்டுபிடிப்பெல்லாம் தற்செயல்தான். ஒரு நாள் சமையலறைத் தட்டுல பார்த்தேன்" என்றேன். ஒரே கைதட்டல். இப்போது தெருவில் நடந்தால் நான் 'கொம்புச்சா சார்'. சங்கத்தின் செய்தி மடலில் முழுப் பக்கம் போட்டிருக்கிறார்கள். நறுக்கை இணைத்திருக்கிறேன், பார்த்தால் உனக்குப் பெருமையாக இருக்கும்.

எல்லோரும் ஆளுக்கொரு துண்டு கேட்டார்கள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. புது ஆடை, பழைய ஆடை இரண்டையுமே நறுக்கிக் கொடுத்துவிட்டேன். ஜாடி காலிதான், ஆனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நீ வந்ததும் யாரிடம் கேட்டாலும் தருவார்கள், என் பெயரைச் சொன்னால் போதும்.

இருபதாம் தேதி பஸ் நிலையத்தில் நிற்பேன்.

உன் சார்

ஏப்ரல் 30

சாருக்கு,

கடைசி பஸ் வரை நீங்கள் நின்றதாகத் தையற்காரர் போனில் சொன்னார். வரவில்லை என்று முன்கூட்டியே எழுதாதது என் தப்பு. அந்த நறுக்கைத் திரும்பத் திரும்பப் படித்ததில் நாள் போய்விட்டது. தங்கையும் படித்தாள். "இதுல நீ எங்கக்கா இருக்க?" என்றாள்.

உங்கள் பணி ஓய்வு விழாவில் மணி அடிப்பவர் முதல் தோட்டக்காரர் வரை ஒவ்வொருவராகச் சொல்லி நன்றி சொன்னீர்கள். முப்பது வருடம் நீங்கள் வகுப்பில் செய்துகாட்டிய ஒவ்வொரு சோதனையையும் முதல் நாளே செய்துபார்த்து, அளந்து, உங்கள் மேசையில் எடுத்து வைத்த நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மறு வாரம்தான் இங்கே வந்தேன். மறந்துவிட்டார், நினைவு வரும் என்று இருந்தேன். மறக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. உங்கள் கண்ணில் நான் படவே இல்லை.

ஊருக்கெல்லாம் துண்டு கொடுத்ததுகூடப் பெரிதில்லை. தொடாதீர்கள் என்று எழுதியிருந்தேன். என்னைக் கூப்பிடுவதற்காகத்தான் அதை வளர்க்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன்.

பெட்டியைப் பிரித்துத் துணிகளை இங்கேயே அலமாரியில் வைத்துவிட்டேன். கடையில் ஒரு புட்டி வாங்கித் தேநீரில் கலந்து வைத்தேன். இன்று காலை மேலே கண்ணாடித்தாள் மாதிரி ஒரு படலம். இந்த முறை முதல் தடவையே வந்துவிட்டது.

உங்களுக்கு ஒரே ஒரு வேலை. அந்த ஜாடி என்னுடையது. பஸ்ஸில் கொடுத்து அனுப்புங்கள், நீங்கள் வர வேண்டாம். சோப்பு போடாமல் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்துவைத்து, ஈரம் காய்ந்த பிறகு அனுப்புங்கள். முப்பது வருடம் உங்கள் வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் நான்தான் கழுவினேன். இதை நீங்கள் கழுவுங்கள்.

நான்