அரைக்கதவு வைத்த ஆபீஸ்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு பக்கம் முழுவதும் எழுதிக் காட்டுவதாக வாத்தியாரம்மாவிடம் சவால் விட்டிருக்கிறேன். வாத்தியாரம்மா என்றால் என் மனைவிதான். போன மழைக்காலத்தில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அதிகாரம் கல்யாணமான நாளிலிருந்தே அவளிடம் இருந்தது. பதவி இப்போதுதான் வந்தது.

விஷயம் இதுதான். மகள் வேலை பார்க்கும் கம்பெனி இந்த ஊர்க் கிளையை மூடுகிறது. துணி துவைக்கும் மெஷின் விற்கிற கம்பெனி. தண்ணீர் நிற்கவில்லை, சட்டை கிழிந்துவிட்டது என்று போனில் கத்துகிறவர்களிடம் கத்தாமல் பேசுவது அவள் வேலை. (மிச்சம் வைத்ததை வீட்டில் வந்து கத்துவாள்.) வீட்டில் ஒழுங்கான ஆபீஸ் அறை இருப்பவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமாம். இல்லாதவர்கள் தலைமை ஆபீசுக்குப் போய்விட வேண்டும். ஓர் இரவு முழுக்க ரயிலில் போகிற தூரம். பதினாறாம் தேதி மேலதிகாரி அம்மா ஒருவர் கம்ப்யூட்டர் வழியாக அறையைப் பார்ப்பார்.

"சாமான் ரூமைக் காலி பண்ணித் தர்றீங்களாப்பா?" என்றாள் மகள்.

"எல்லாத்தையும் என்கிட்ட விட்டுடு. ஆபீஸைப் பத்தி இந்த வீட்டுல வேற யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு ஆபீஸோட வெளிப்பக்கம் தெரியும்" என்றாள் வாத்தியாரம்மா.

உண்மைதான். நான் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவன். அதிகாரி அறைக்கு வெளியே ஸ்டூல். மணி அடித்தால் உள்ளே போய் நிற்பேன், சொன்னதைக் கேட்டுக்கொண்டு வெளியே வருவேன். உள்ளே ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். அது பார்க்க வருகிறவர்களுக்கு. அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஸ்டூலில் நான் மாறவில்லை. யாருக்கு அனுபவம் அதிகம்?

பக்கம் முடிந்தது. இடது கை வலிக்கிறது. சுகமான வலி.

மார்ச் 4, புதன்

சாமான் அறை காலி. மூடியில்லாத பெட்டி ஒன்றும் பெட்டியில்லாத மூடி ஒன்றும் கிடைத்தன. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

பீரோவை நகர்த்தினால் பின்னால் ஒரு ஜன்னல்! திறந்தேன். தையல் கடை, தெருக்குழாய், யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இத்தனை வருடமாக இவ்வளவு வெளிச்சம் வாடகை கொடுக்காமல் நம் வீட்டில் குடியிருந்திருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

தச்சர் வந்தார். வயது நாற்பது இருக்கும். பென்சிலைக் காதில் சொருகி வைத்துக்கொண்டே அதைத் தேடுகிறவர்.

"மேசை யாருக்குங்க?"

"என் பொண்ணுக்கு."

"கூப்பிடுங்க, அளவெடுத்துடறேன்."

"வேலைக்குப் போயிருக்கா. என்னை வச்சு எடு தம்பி. அப்படியே என் சாடை."

என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. நான் கொஞ்சம் குள்ளம். ஸ்டூலில் உட்காரவைத்து முழங்கையை அளந்தார், முழங்காலை அளந்தார், கையை நீட்டச் சொல்லி அதையும் அளந்தார். கல்யாணச் சட்டைக்குக்கூட யாரும் என்னை இவ்வளவு அக்கறையாக அளந்ததில்லை.

"இருக்கற கதவே போதுமில்லீங்களா?"

"இதைக் கழட்டிட்டு அரைக்கதவு போடு. ஸ்பிரிங் வச்சது."

"வீட்டுக்குள்ளயா?"

"ஆபீஸ்னா அரைக்கதவுதான். கீழே செருப்பைப் பார்த்தா உள்ளே யாருன்னு தெரியும். மேலே முகத்தைப் பார்த்தா இப்பப் போகலாமா கூடாதான்னு தெரியும். முழுக் கதவு போட்டா என்ன தெரியும்? கதவுதான் தெரியும்."

தச்சர் காதில் இருந்த பென்சிலைத் தேட ஆரம்பித்தார். ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

மகளை அந்தப் பக்கமே விடவில்லை. "திறப்பு விழாவுக்கு முன்னாடி யாருக்கும் அனுமதி இல்ல" என்றேன்.

"நான்தானேப்பா அங்க உக்காரப் போறேன்?"

"அதனாலதான்."

மார்ச் 9, திங்கள்

மணி வாங்கப் போனேன். மேசையில் பொத்தான், வெளியே மணி. ஆபீஸில் குட்டையாக ஒரு தரம் அடித்தால் தேநீர். இரண்டு தரம் என்றால் பைல். விடாமல் அடித்தால் யாரோ தொலைந்தார்கள். எல்லாம் காதுக்கு அத்துபடி. ஆனால் கேட்டிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் நான் அடித்ததில்லை.

கடைக்காரர் ஒவ்வொரு மணியாக அடித்துக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து நின்றுவிட்டேன். "உக்காருங்க பெரியவரே, சும்மா அடிச்சுப் பாக்கறேன்" என்றார். என்னை எது சீக்கிரம் எழுப்பியதோ அதையே வாங்கி வந்தேன்.

மார்ச் 11, புதன்

மேசை வந்துவிட்டது! ஆடுகிறதா என்று சோதிப்பதற்காக நோட்டை அதன் மேல் வைத்து எழுதுகிறேன். ஆடவில்லை. முழங்கை தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. விளக்கை வலப்பக்கம் பொருத்தச் சொன்னேன். அப்போதுதான் எழுதுகிற கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. நாற்காலி கடையில் வாங்கியது. பாதம் இரண்டும் தரையில் படிகிறது. எத்தனை நாற்காலி தூக்கிப் போட்டிருக்கிறேன், என் கால் தரையைத் தொட வேண்டும் என்று நினைத்து எந்த நாற்காலியும் செய்யப்பட்டதில்லை.

பழைய கதவு கொல்லையில் சாய்ந்திருக்கிறது. அரைக்கதவு ஆடுகிற ஆட்டம் என்ன அழகு! ஐந்தாறு தரம் உள்ளே போய் வெளியே வந்தேன்.

மார்ச் 12, வியாழன்

நாற்காலியைச் சோதித்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரை.

மார்ச் 13, வெள்ளி

விளக்கைச் சோதித்தேன். பகலில் சரியாகத் தெரியவில்லை என்று இருட்டும் வரை இருக்கும்படி ஆயிற்று.

வாத்தியாரம்மா அரைக்கதவுக்கு மேலே தலையை நீட்டினாள். "சோதனை முடிஞ்சுதா, இல்ல சாப்பாட்டை அங்கேயே கொண்டுவரணுமா?"

மணியை மட்டும் சோதிக்கவில்லை. முதல் மணி மகள் கையால் ஒலிக்கட்டும்.

மார்ச் 14, சனி

திறப்பு விழா நடந்தது. எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மகள் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். நங் என்று சத்தம். முழங்கால் மேசைக்கு அடியில் இடித்துவிட்டது. காலைக் கோணலாக வைத்துக்கொண்டு ஒரு வரி எழுதிப் பார்த்தாள். கையின் நிழல் அப்படியே தாளின் மேல் விழுந்தது. அவள் எழுந்து நின்றபோதுதான் கவனித்தேன் — இவள் எப்போது இவ்வளவு உயரமானாள்? அவள் அம்மா வீட்டு உயரம். முகம்தான் என்னுடையது.

"அப்பா, கதவு முழுசா மூடணும்னு சொல்லியிருக்காங்கப்பா. சத்தமே உள்ளே வரக்கூடாதாம். இதுல காத்து வருது, குழாயடிப் பேச்சு வருது, அம்மா தலை வேற வருது."

அரைக்கதவுக்கு மேலே இருந்த அம்மா தலை கேட்டது: "ஏங்க, இவ இடது கைக்காரியா?"

"இல்லையே."

"உங்க உயரமா?"

மகளை அண்ணாந்து பார்த்தேன்.

"அப்ப இது யாரோட ஆபீஸ்?"

அய்யோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்! திங்கக்கிழமை பாக்க வர்றாங்க. ஒத்துக்கலைன்னா பொண்ணு பெட்டியைத் தூக்கிட்டு ரயில் ஏறிடுவா. அப்புறம் யார்கிட்ட கத்துவா? யாரு எங்ககிட்ட கத்துவா?

மகள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சட்டை கிழிந்தவர்களிடம் பேசுகிற குரலில் என்னிடம் பேசினாள். "உங்க சிரமம் புரியுதுப்பா. சரி பண்ணிடலாம்ப்பா."

எனக்கு ஒரு மேசை வேணும்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே. என்கிட்டகூடச் சொல்லிக்கலையே. பின்னே எப்படி?

மார்ச் 15, ஞாயிறு

விடிந்ததும் தச்சரை அழைத்து வந்தேன்.

"அன்னைக்கே கேட்டேனேங்க. சாடைன்னீங்களே."

"சாடை முகத்துல தம்பி."

"முகத்துக்கு நான் மேசை போட முடியாதுங்களே ஐயா!"

மேசையின் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினார். குதிகால் செருப்புப் போட்ட மாதிரி நிமிர்ந்து நின்றது. விளக்கு இடப்பக்கம் போயிற்று. நாற்காலிக்கு அடியில் ஒரு பிடி இருக்கிறதாம், இழுத்தால் உயர்கிறது. கொல்லையிலிருந்து பழைய கதவு திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி தன் இடத்தில் மாட்டிக்கொண்டது. ஒவ்வொன்றையும் நானே முன்னால் நின்று மாற்றச் சொன்னேன். மாற்றியதும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். கால் தொங்கியது. சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

அரைக்கதவு நடையில் சாய்ந்து கிடக்கிறது. அதன் பக்கத்தில் நின்று வாத்தியாரம்மாவும் தச்சரும் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு வானிலைக்கு மாறியது. ஒருவர் மழை வரும் என்கிறார், ஒருவர் வெயில் என்கிறார்.

மணியை எடுக்க மறந்துவிட்டோம்.

மார்ச் 16, திங்கள்

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். தபால் கொண்டுவந்தவரை வாசலிலேயே வாயைப் பொத்தச் சொல்லி அனுப்பினேன். பாத்திரம் கழுவப் போன வாத்தியாரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன். கதவில் காதை வைத்தால்தான் உள்ளே பேச்சுக் கேட்டது. சுவரைக் காட்டு, ஜன்னலைக் காட்டு என்று அந்த அம்மா கேட்க, மகள் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மேசையில அது என்ன பொத்தான்?"

"எது மேடம், இதுவா?"

தலைக்கு மேலே மணி அடித்தது.

சத்தியமாக நான் எழுந்திருக்கவில்லை. கால்தான் எழுந்தது. கைதான் கதவைத் திறந்தது. உள்ளே போய்க் கைகட்டி நின்று, "கூப்பிட்டீங்களாம்மா?" என்றேன்.

மகள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கம்ப்யூட்டரில் இருந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யார் இவர்?"

"எங்... எங்கப்பா மேடம்."

"இவ்வளவு நேரமும் எங்கே இருந்தார்?"

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? "கதவுக்கு வெளியிலதாங்க. ஒரு தும்மல்கூடப் போட்டேங்க. உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றேன்.

அந்த அம்மா முதலில் வாயை மூடிக்கொண்டார். பிறகு முடியாமல் சிரித்துவிட்டார். "இங்கே நான் மணி அடிச்சா அரை மணி நேரம் கழிச்சு வர்றாங்க" என்றார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "முதல்ல அந்த மணியை அங்கிருந்து எடுங்க. முடிவைச் சொல்லி அனுப்பறேன்" என்றார்.

கெடுத்தேனா, காப்பாற்றினேனா? தெரியவில்லை. மகள் இரவு சாப்பிட வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மணியைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். செய்தி இல்லை.

மார்ச் 18, புதன்

செய்தி வந்தது! மகள் போனை என் கையில் கொடுத்து, "நீங்களே படிங்கப்பா" என்றாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஒரே வரிதான், ஆனால் அதில் ஒரு வார்த்தை ரயில் மாதிரி நீளம். ஒவ்வொரு எழுத்தாக ஏறினேன். "அ... னு... ம..."

"சீக்கிரம் படிங்களேன், உசிரு போகுது!" என்றாள் வாத்தியாரம்மா. வாத்தியார் சொல்கிற பேச்சா இது?

"...தி... க்க... ப்ப... ட்... டது."

அனுமதிக்கப்பட்டது. நான் படித்து முடிப்பதற்குள் மகள் என் தோளில் சாய்ந்துவிட்டாள். இந்த உயரத்துக்கு அவள் ரொம்பக் குனிய வேண்டியிருந்தது.

மார்ச் 20, வெள்ளி

மகள் உள்ளே வேலை பார்க்கிறாள். நான் வெளியே ஸ்டூலில். நோட்டை முழங்காலில் வைத்து எழுதுவதால் வரி மலை ஏறுகிறது.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் என்னைக் கடைத்தெருவுக்கு விரட்டினாள் வாத்தியாரம்மா. என் நோட்டைத் திருத்துகிற சிவப்புப் பென்சில் தீர்ந்துவிட்டதாம். பக்கத்துக் கடைப் பென்சில் ஆகாதாம்.

திரும்பி வந்தால் நடையின் கடைசியில், ஜன்னலுக்கு அடியில், அரைக்கதவு படுத்திருக்கிறது. நான்கு கால் முளைத்துவிட்டது அதற்கு. மேலே இழைத்து மெருகு போட்டிருக்கிறது. வலப்பக்கம் ஒரு விளக்கு. தச்சர் காதில் இருந்த பென்சிலைத் தேடிக்கொண்டு நின்றார்.

"யாரை வச்சு அளந்தே?"

"அளவு ஏற்கெனவே நோட்டுல இருந்துதுங்க. அம்மா சொன்னாங்க, அதையே போட்டுடுங்கன்னு."

மகள் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, அடியில் இருக்கிற பிடியை இழுத்துத் தாழ்த்தி, "இன்னைக்கு லீவுதானே, உக்காருங்கப்பா" என்றாள். "உங்க சேரு நாளைக்கு வந்துடும்."

உட்கார்ந்தேன். முழங்கை தன் இடத்துக்குப் போயிற்று. கால் தரையைத் தொட்டது.

மேசையின் ஓரத்தில் அந்தப் பொத்தான். ஒயர் போகிற வழியைக் கண்ணால் தொடர்ந்தேன். சுவரோரமாகப் போய்ச் சமையலறைக்குள் நுழைகிறது. யார் செய்த வேலை என்று கேட்டேன். மூன்று பேருமே வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

எல்லோரும் போன பிறகு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, மெதுவாக, குட்டையாக, ஒரே ஒரு தரம்.

வாத்தியாரம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் நின்றாள். "என்ன வேணும்?"

மணி அடித்தவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். தேநீர், பைல், வண்டி. எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"உக்காரு" என்றேன்.

"அடுப்புல வேலை கிடக்கு" என்றாள். என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் இதை எழுதி முடிப்பதற்காகப் புதுச் சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு காத்திருக்கிறாள்.