மூன்று பீஜோ வண்டிகளில் ஏறிப் பார்த்தது

கந்தப்பளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் விஜிதரனுக்கு அப்பா சோலைமலை எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் மனைவி சுலக்ஷனாவும் முருகன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீயும் அங்கே நன்றாக இருப்பாய் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன். கோபப்படாமல் கடைசி வரை படி.

தினமும் போனில் பேசுகிறோமே, இந்த மனுசனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் லயத்து ஒற்றைக் காம்பரா வீட்டில் போன் பேசுகிற அழகு உனக்குத் தெரியாததா? நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். சுலக்ஷனா அடுப்படியில் நின்றாலும் காது இங்கேதான் இருக்கும். உன்னிடம் தனியாகக் கேட்க எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது. கீழ் லயத்துக் கணேசமூர்த்தி லீவு முடிந்து நீ இருக்கிற கட்டாருக்குத்தான் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ரூமில் இருக்கிற வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது, விஜியை நேரில் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவனை வாசலோடு அனுப்பிவிடாதே. உள்ளே கூப்பிட்டு உட்கார வை.

முதலில் நீ கேட்ட வண்டி விவரம்.

கண்டிக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். உன் அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டு கதிர்காமத்துக்குப் போகிற மாதிரி கிளம்பினாள். நீ அனுப்பிய விலாசத்தில் வண்டி விற்கிற அந்த யார்டு இருந்தது. முதலாளி சிங்களவர், நல்ல மனிதர். தோட்டத்து ஆட்கள் என்று முகம் சுளிக்காமல் கதிரை போட்டு உட்கார வைத்தார். நீ சொன்ன மூன்று பீஜோ காரும் வரிசையாக நின்றன. 208, 2008, 3008. பிரான்சுக்காரன் வண்டிக்குப் பெயர் வைக்கச் சொன்னால் டெலிபோன் நம்பர் வைத்திருக்கிறான். 2008 என்றதும் அது வண்டி செய்த வருஷம் என்று நினைத்து, இவ்வளவு பழசு எதற்கு என்று நான் சண்டைக்குப் போய்விட்டேன். சுலக்ஷனாதான் பெயரே அதுதான் என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினாள்.

208 சின்ன வண்டி. பார்க்க லட்சணம். டவுனில் ஓட்ட, சந்து பொந்தில் நிறுத்த அதை அடிக்க முடியாது. ஆனால் தரையோடு படுத்துக் கிடக்கிறது. உட்காரும்போது குழிக்குள் இறங்குகிற மாதிரி இருக்கிறது, எழும்ப வேண்டுமென்றால் இரண்டு தொடையிலும் பலம் வேண்டும். நம் தோட்டத்து ரோட்டுக் கல்லுக்கு அதன் வயிறு தாங்காது. நீயும் கணேசமூர்த்தியும் கூட்டாக வாங்கி, எல்லவுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போவதென்றால் பெட்டி வைக்கவும் இடம் போதாது.

3008 ராஜா வீட்டு வண்டி. உன் அம்மா அதன் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்றாள். இதிலதாங்க எனக்கு இடுப்பு வலிக்கல என்று முதலாளியிடம் தமிழிலேயே சொல்கிறாள். அவர் சிரிக்கிறார். எலுமிச்சம்பழம் கட்ட முன்னால் இடம் இருக்கிறதா என்று குனிந்து வேறு பார்த்தாள். உள்ளே தாராளம், உயரமும் உண்டு. ஆனால் அகலம் கூடுதல். தோட்டத்துக் கண்டாக்கையா பங்களா வளைவில் எதிரே தேயிலைக் கொழுந்து லொறி வந்தால் யார் பின்னால் போவது என்று பஞ்சாயத்து வைக்க வேண்டிவரும். முப்பது வருஷம் அந்த லொறியை ஓட்டியவன் சொல்கிறேன், லொறிக்காரன் போக மாட்டான்.

அந்த 3008-இல் பின் கதவுக்குக் கீழே காலை நீட்டி ஆட்டினால் கதவு தானாகத் திறக்கிறது. முதலாளி கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை ஆட்டிக் காட்டினார். இதைப் பற்றி நீ தனியாகக் கேட்டிருந்தாய். காலை ஆட்டாமல் பட்டனை அமுக்கியும் திறக்கலாமா என்று. திறக்கலாமாம்.

2008 இரண்டுக்கும் நடுவில். அகலம் நம் ரோட்டுக்குச் சரி. வயிறு தரையில் தட்டாது. சீட்டு சரியாக இடுப்பு உயரத்தில் இருக்கிறது. கதிரையில் உட்காருகிற மாதிரி பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு, பிறகு காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். மூன்றிலும் கியர் ஒட்டோமெட்டிக்தான். நீ கேட்டபடியே.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஒட்டோமெட்டிக் எதற்கு? லொறியில் என் மடியில் உட்கார்ந்து கியர் பிடித்துப் பழகியவன் நீ. ஒட்டோமெட்டிக் ஓட்டுகிறவனைக் கண்டால், அது ட்ரைவிங் இல்லப்பா, ஊஞ்சல் என்று கேலி பேசியவன். இப்போது கிளட்ச் உள்ள வண்டியை ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம் என்கிறாய். மேட்டில் அது லேசு என்று நீ சொன்ன காரணத்தை நான் நம்பினேன். வயதான டூரிஸ்டுகள் ஏறி இறங்கச் சுலபமா என்று தெரிய வேண்டும், அதனால் மூன்று வண்டியிலும் இடது காலை ஊன்றாமல் ஏறிப் பாருங்கப்பா என்றாய். அதையும் நம்பினேன். டூரிஸ்டுக்கு என்றால் பின் சீட்டில் அல்லவா ஏறிப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும்? நீ ட்ரைவர் சீட்டில் ஏறச் சொன்னாய். என் மரமண்டைக்கு அப்போது அது உறைக்கவில்லை.

2008-இல் ஏறும்போதுதான் அது நடந்தது. நீ சொன்னபடி இடது காலைத் தொங்கவிட்டு, கதவைப் பிடித்து, உடம்பைத் திருப்பி உட்கார்ந்தேன். நம் நாட்டு வண்டியில் ட்ரைவர் ஏறும்போது முதலில் உள்ளே போவது இடது கால்தானே. அதை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தேன். சுலக்ஷனா அதைப் போனில் வீடியோ பிடித்துக்கொண்டே, மாமா என்னங்க நொண்டியடிக்கிறீங்க என்று சிரித்தாள். முதலாளி ஓடி வந்து, மாத்தயாவுக்குக் காலில் வருத்தமா என்று சிங்களத்தில் கேட்டார்.

எனக்கில்லை, என் மகனுக்கு என்று சொல்லிவிட்டேன்.

சாமி சத்தியமாக அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் நினைத்தேன். தம்பி, அந்தச் சீட்டை விட்டு நான் உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மைலேஜ் எவ்வளவு போகும் என்று முதலாளியிடம் சத்தமாகக் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் இல்லை. அதனால்தான் மைலேஜ் மேலே எழுதவில்லை.

திரும்பி வரும்போது இறம்பொடையில் பஸ் தேத்தண்ணிக்கு நின்றது. முகம் கழுவுகிற சாக்கில் குழாயடியில் நின்று அழுதுவிட்டு வந்தேன். உன் அம்மா, தூசு போயிருச்சாங்க என்று முந்தானையைக் கொடுத்தாள். ஆமா என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக மனதில் ஓடுகிறது. முன்பெல்லாம் போன் பேசும்போது உனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. ரூமிலிருந்து குசினி, குசினியிலிருந்து மாடிப்படி என்று நடந்துகொண்டே பேசுவாய், ஆடாம நில்லுடா தலை சுத்துது என்று அம்மா திட்டுவாள். சித்திரைக்குப் பிறகு நீ நடந்து நாங்கள் பார்க்கவில்லை. முகம் தெரிகிறது, பின்னால் தலையணை தெரிகிறது, அவ்வளவுதான். வருகிற திருவிழாவுக்கு ஊருக்கு வந்துவிடுவேன் என்கிறாய், ஆனால் தீமிதிப்புக்கு உன் பேரைக் கொடுக்க வேண்டாம், சுலக்ஷனா பாற்குடம் எடுக்கட்டும் என்கிறாய். விரதம் இருக்க முடியவில்லை என்றாய். மீசை முளைக்கும் முன்பே அடம்பிடித்து நெருப்பில் இறங்கியவன் நீ. காய்ச்சலோடு இறங்கிய வருஷமும் உண்டு. கம்பெனி வேன் ஓட்டுவதை விட்டு ஸ்டோரில் உட்கார்ந்து வேலை என்றாய். புரோமோஷனாம். உன் அம்மா லயம் முழுக்கச் சீனி கொடுத்தாள்.

உன் இடது காலைப் பற்றி நான் தப்பாக நினைத்திருந்தால் என்னை நன்றாகத் திட்டு. கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று எழுது. அந்தத் திட்டை ஆயிரம் தடவை படித்துச் சந்தோசப்படுவேன். இல்லையென்றால் மறைக்காதே. அங்கே ஆஸ்பத்திரியில் உனக்குச் சோறு ஊட்ட யார் இருந்தது? எழும்பி நிற்க யார் தோள் கொடுத்தது? நாங்கள் இங்கே தேங்காய்ச் சம்பல் உறைப்பு கூடிப்போச்சு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த நாளில் நீ அங்கே எப்படிக் கிடந்தாயோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. எனக்கு உன் மேல் கோபமும் இருக்கிறது. ஏண்டா, அப்பன் ஒருத்தன் உயிரோடு இருக்கிறானே, அவனிடம் சொல்லக் கூடாதா?

கணேசமூர்த்தியிடம் இதைக் கேட்கவில்லை, உன் வாயால்தான் எனக்குத் தெரிய வேண்டும். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லும் வரை அவள் நிம்மதியாக இருக்கட்டும். சுலக்ஷனா விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, முதலாளியிடம் நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும். பஸ்ஸில் நுவரெலியா வரும் வரை போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வீடியோவை உனக்கு அனுப்பினாளா? எனக்குக் காட்டு என்றேன், அழிஞ்சிருச்சுங்க மாமா என்றாள்.

வண்டி விஷயத்தில் என் முடிவு 2008. உட்கார்ந்துவிட்டுக் காலை எடுத்து வைக்கிற ஆளுக்கு மூன்றில் அதுதான் தோது. ஒரு வலது கால் இருந்தால் அதை ராசா மாதிரி ஓட்டலாம், பிரேக்கும் எக்சிலேட்டரும் அதற்குத்தானே. லைசன்ஸுக்கு என்ன செய்ய வேண்டும், டொக்டர் எழுதித் தருகிற துண்டு வேண்டுமா என்று விசாரிக்க நான் நுவரெலியாவுக்குப் போய் வருகிறேன். யாருக்கு என்று சொல்ல மாட்டேன். கணேசமூர்த்திக்கு மனம் வராவிட்டால் கூட்டு வேண்டாம். வண்டியே வேண்டாம் என்றாலும் எனக்குச் சம்மதம். நீ வண்டியோடு வர வேண்டும் என்று இந்த வீட்டில் யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

இன்னொரு செய்தி. ரோட்டிலிருந்து நம் வாசலுக்கு இறங்குகிற படியை உடைத்துச் சரிவாகப் போட ஆரம்பித்திருக்கிறேன். கேஸ் சிலிண்டர் உருட்டிவர என்று அம்மாவிடம் சொன்னேன். இந்த வயசில உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை என்று திட்டிக்கொண்டே கல் சுமந்து கொடுத்தாள். நேற்று சுலக்ஷனா வந்து, ஒன்றும் கேட்காமல், அந்தச் சரிவில் மெதுவாக இறங்கிப் பார்த்தாள். மறுபடி ஏறினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், மழைக்கு வழுக்குங்க மாமா, இன்னும் கொஞ்சம் மட்டமா இருந்தா நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மேலே இருந்து மறுபடி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன்னை எந்தக் குறையும் அண்டாமல் நம் முனியாண்டி காக்கட்டும். விமான நிலையத்துக்கு நான் வருவேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவதா வேண்டாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். சரிவுக்குக் கைப்பிடி போட இரும்புக் குழாய் வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு பக்கத்துக்குத்தான் இடம் இருக்கிறது. இறங்கி வரும்போது உனக்கு எந்தக் கைப்பக்கம் இருந்தால் நல்லது, எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று எழுது ராசா. அது தெரியாமல் குழி தோண்ட முடியாமல் நிற்கிறேன்.

உன் பதிலுக்காக இருக்கும்
அப்பா,
மு. சோலைமலை.