அத்தை குகைக்குப் பயந்த கதை

மாமியார் என்று ஒரு நாளும் நினைக்க விடாத என் அத்தைக்கு,

நீங்க போய் வருஷம் திரும்புது. நினைவு நோட்டீஸ் அடிக்கப் போனா, பிரஸ்காரர் "படம் போட்டு நாலு வரி போதுங்க" என்கிறார். நாலு வரியில அடங்கற மனுஷியா நீங்க? அதனால இந்தக் கடிதத்தையும் அச்சடிச்சு, நோட்டீஸோட மடிச்சு எல்லார் கையிலயும் கொடுக்கப் போறோம். ஏர்க்காடு கடைவீதி முழுக்கப் படிக்கட்டும். ஏன்னு போகப் போகச் சொல்றேன்.

முதல்ல ஊட்டுச் சேதி. நம்ம மிளகு, தேன் கடைக்குப் பக்கத்துல எஸ்.டி.டி. பூத் வந்திருக்கு, அதனால நமக்கும் ஆள் நடமாட்டம் கூடியிருக்கு. நாகலூர் மிளகு இந்த வருஷம் நல்ல காரம். உங்க மகனுக்கும் வாய் குறையல. சேர்வராயன் கோயிலுக்கு வழி கேட்டு யாராவது டூரிஸ்ட் நின்னா, போன மாசம் வரைக்கும் அதே பாட்டுத்தான். "எங்கம்மாவக் கேட்டிருந்தா பாதி வழிதான் சொல்லியிருக்கும். கோயில் குகையில பாதியிலயே பயந்து திரும்புன ஆளுங்க."

நீங்க இருந்தப்பவும் இதைத்தான் சொல்லுவார். நீங்க தேன் பாட்டிலைத் துடைச்சுக்கிட்டே கூடச் சேர்ந்து சிரிப்பீங்க. எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும்.

படிக்கிறவங்களுக்காக நடந்ததைச் சொல்லிடறேன் அத்தை, கோவிச்சுக்காதீங்க.

எனக்குக் கல்யாணமாகி மறு வாரம். புதுப் பொண்ணை முதல்ல சேர்வராயன்கிட்டக் கூட்டிட்டுப் போறது நம்ம ஊட்டு வழக்கம். சாமி இருக்கறது குகைக்குள்ள. குனிஞ்சு, ஒருத்தர் பின்னால ஒருத்தராத்தான் போகணும். அது மலைக்கு அடியிலயே போய்க் காவேரியில முடியுதுன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தாங்க. சின்ன வயசுல கண்ணாமூச்சி ஆடறப்ப நெல்லுக் குதிருக்குள்ள எறங்கி, ஏற முடியாமக் கெடந்தவ நான். அதுல இருந்து அடைச்ச இடம்னாலே ஆகாது. புது ஊட்டுல இதை யார்கிட்டச் சொல்றது?

பாதி தூரம் போனேன். முன்னால சாமி விளக்கு, பின்னால உங்க சொந்தபந்தம் அத்தனையும், நடுவுல கற்பூரப் புகை. மூச்சு வரல, கால் நகரல. புதுப் பொண்ணு சந்நிதிக்குப் போகாமத் திரும்புனா ஊரு சும்மா இருக்குமா? சாமியே இவள ஏத்துக்கலைன்னு சொல்லும். உங்க நாத்தனார் வாயைப் பத்தி எனக்கு அதுக்குள்ளயே தெரிஞ்சிருந்துது.

அப்பத்தான் பின்னால இருந்து ஒரு கை என் கையை இறுக்கிப் புடிச்சுது. உடனே குகையே அதிர உங்க சத்தம். "ஏனுங்க, எல்லாரும் வழி உடுங்க. எனக்கு மூச்சு முட்டுது. ருக்கு, என்னைய வெளிய கூட்டிட்டுப் போ கண்ணு."

காட்டெருமை எதிர்ல வந்தாலும் ஒதுங்காத மனுஷிக்கு மூச்சு முட்டுதாம். வாசல் வரைக்கும் என் காதுகிட்டக் கேட்டுக்கிட்டே வந்தீங்க. "பாலுக்கு உறை ஊத்துனியா கண்ணு? அரிசி களைஞ்சு வெச்சியா? கொல்லைக் கதவச் சாத்துனமா?" ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டே நான் வெளிச்சத்துக்கு வந்துட்டேன். அப்புறம் நீங்க கல்லு மேல உக்காந்து முனகுன முனகல்ல பயந்துபோய் சோடா வாங்கிக் கொடுத்தாங்க. பாதியக் குடிச்சிட்டு மீதிய என் கையில திணிச்சீங்க.

கூட்டமும் புகையும் கலைஞ்சதும் நாம ரெண்டு பேரு மட்டும் மெதுவாப் போய்க் கும்பிட்டு வந்தோம். "மருமக கையைப் புடிச்சுத்தான் மாமியாளே சாமி பாத்தா"ன்னு உங்க நாத்தனாரே சொன்னாங்க. இந்த ஊட்டுல எனக்குக் கிடைச்ச முதல் நல்ல பேரு. உங்க பேரைக் கொடுத்து வாங்கிக் கொடுத்தது.

உண்மைய நான் மறைக்கல. அன்னைக்கே உங்க மகன்கிட்டச் சொன்னேன். "மாமியாளுக்குப் பரிஞ்சு பொய் சொல்ற மருமகள இப்பத்தான் பாக்கறேன்"னு சிரிச்சார். எத்தனை வருஷம் சொன்னாலும் அதே சிரிப்பு. நீங்களும், "நாந்தாங் கண்ணு பயந்தேன், உடு"ன்னு முடிச்சுடுவீங்க. பயந்தவங்கற பேரோடயே போயும் போயிட்டீங்க. நீங்க இருக்கறப்பவே அவர் ஒருத்தராவது நம்பியிருக்கணும். அந்தக் குறை என் நெஞ்சுல முள்ளா இருந்துது.

போன மாசம் கடைவீதிக்காரங்க சேர்ந்து ஆந்திரா பக்கம் டூர் போனோம். சிம்மாசலம் கோயில் பாத்துட்டு, அங்கிருந்து ரயில்ல மலையேறி பொர்ரா குகை. அத்தை, அது குகையில்ல, பூமிக்குள்ள ஒரு ஊரு. நம்ம ஏரியவே தூக்கி உள்ள ஊத்திடலாம். மேல இருந்து கல்லு சொட்டுச் சொட்டா வடிஞ்சு விழுதும் தூணுமாத் தொங்குது. ஏர்க்காட்டுல டூரிஸ்டுக்குக் காட்டற கரடிக் குகையப் பாத்துட்டு அவங்க ஏன் மூஞ்சியச் சுளிக்கறாங்கன்னு அங்கதான் புரிஞ்சுது. கூரை அத்தனை உசரத்துல இருந்ததால எனக்குப் பயம் தெரியல. உங்க சால்வையும் போத்தியிருந்தேன்.

உங்க மகன்தான் எல்லாருக்கும் முன்னால. "எங்கம்மா வந்திருந்தா வாசல்லயே உக்காந்திருக்கும்"னு அங்கயும் ஆரம்பிச்சார். கூட்டமே சிரிச்சுது. கைடு எங்களைக் கீழ எறக்கி, ஒரு இடுக்கான பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போனான். அங்க கரண்டு போயிடுச்சு.

அப்படி ஒரு இருட்ட நான் பாத்ததே இல்லை. ஆளாளுக்குச் சத்தம் போட்டாங்க. உங்க மகன் மட்டும் பேசல. வாய் ஓயாத மனுஷன் பேசலைன்னதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தடவிக் கையைப் புடிச்சேன். சில்லுன்னு வேர்த்திருந்துது. மூச்சு துருத்தி மாதிரி வாங்குது.

என் பயத்தைக் கூட நான் யோசிக்கவே இல்லை அத்தை. வாயில தானா வந்துச்சு. "ஏனுங்க, எனக்கு மயக்கமா வருது. என்னைய வெளிய கூட்டிட்டுப் போங்க. எல்லாரும் கொஞ்சம் வழி உடுங்க."

கைடு டார்ச் அடிச்சு முன்னால நடந்தான். நான் அவர் காதுகிட்டக் கேட்டுக்கிட்டே வந்தேன். "கடை ஷட்டரைப் பூட்டுனீங்களா? தேன் டின்னுக்கு மூடி போட்டீங்களா? பால்காரர்கிட்டச் சொல்லிட்டு வந்தீங்களா?" ஒவ்வொண்ணுக்கும் "ம்... ம்..."னு வந்தார்.

வெளிய படியில உக்கார வெச்சு சோடா வாங்கிக் கொடுத்தேன். பின்னால வந்த பாத்திரக் கடைக்காரர், "ஏனுங்கக்கா, மாமியாளுக்கு ஏத்த மருமகதான் போங்க"ன்னு கேலி பண்ணிட்டுப் போனார். உங்க மகன் சிரிக்கல. சோடா பாட்டிலைக் கீழ வெச்சார். "அன்னைக்கு அம்மா உங்கிட்ட என்ன கேட்டுச்சு?"ன்னார்.

"பாலுக்கு உறை ஊத்துனியான்னு கேட்டாங்க."

துண்டை மூஞ்சியில போட்டுக்கிட்டு அழுதார். நீங்க போனன்னைக்குக் கூட அப்படி அழல.

திரும்பி வர்றப்ப ரயில்ல சொன்னார். "நான் ஊரறியச் சிரிச்சேன் ருக்கு. ஊரறியவே எழுது. நான் பயந்ததையும் சேத்து எழுது." அதான் இந்தக் கடிதம். இப்பெல்லாம் வழி கேக்கறவங்ககிட்ட, "குனிஞ்சு போங்க, பாதியில பயமா இருந்தாத் திரும்பி வந்துடுங்க, அப்புறமாப் போய்ச் சாமி பாத்துக்கலாம்"னு சொல்றார்.

உங்களுக்கு நான் என்ன செஞ்சாலும் ஈடாகாது. ஆனா சேர்வராயன் திருவிழாவுக்கு உங்க மகனும் நானும் போறோம். நீங்க என் கையைப் புடிச்ச இடத்துல கொஞ்சம் நிப்போம், பின்னால வர்றவங்க வைஞ்சாலும் பரவாயில்லை. அந்த இருட்டுல எந்தப் பொண்ணு மூச்சு முட்டி நின்னாலும், "எனக்குத்தான் முட்டுது"ன்னு நான் சத்தம் போடுவேன். இது சத்தியம். இதைப் படிச்ச கடைவீதிக்காரங்க யாரும் இனிமே அதை நம்ப மாட்டாங்க. நம்பாட்டிப் போறாங்க, வழி உட்டாப் போதும்.

உங்க கையைப் புடிச்சு வெளிய வந்த மருமக,
ருக்குமணி