உன் ஞாயிற்றுக்கிழமைகள் மேல் விழுந்த பழி

இன்று மாலை புனேயின் கராடிப் பகுதியில் அலுவலகம் விட்டு வெளியே வந்தபோது மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வாசலுக்கு எதிரே ஒரு பெண் கரி அடுப்பில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தாள். எலுமிச்சைத் துண்டை மிளகாய்ப்பொடியில் தொட்டுக் கதிரின் மேல் அவள் தேய்க்கவும் அந்த வாசனை என்னைப் பிடித்து நிறுத்தியது. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இன்னும் உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். உன் மேல் இல்லை. அது யார் மேல் என்று உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வவுனியாவிலிருந்து புனேவுக்குப் படிக்க வந்த புதிதில் எனக்கு விடுதி அறையும் வகுப்பறையும் சாப்பாட்டுக்கூடமும்தான் ஊர். வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரி முதல் நாளே எங்களை நிற்க வைத்துச் சொன்னார்: “படிக்க வந்திருக்கிறீர்கள். படித்துவிட்டுப் போங்கள்.” அம்மாவும் தொலைபேசியில் ஏறக்குறைய அதையேதான் சொன்னா. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கொடியில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீ என் வகுப்பு. புனேயின் ஓரத்திலுள்ள கட்கியிலிருந்து லோக்கல் ரயிலில் வருவாய். உன் தாத்தா வேலூர்ப் பக்கமிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். உன் அப்பாவும் அங்கேதான். நான் தமிழ் என்று தெரிந்த அன்று என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, “நீ பேசறது நியூஸ் படிக்கற மாதிரி கீது,” என்றாய். அடுத்த ஞாயிறு காலையில் விடுதி வாசலில் நின்றாய்.

“அரே, ரூம்லயே குந்திகினு இன்னா பண்ற? சல், கெளம்பு.”

“எங்க போறம்?”

“போனா தெரியும்.”

போனது ஒரு மராத்தி நாடகம். மாடியில், தூணுக்குப் பின்னால் இரண்டு இடம். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. மேடையில் ஒருவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நீ என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய். உன் மொழிபெயர்ப்பில் மாமனார், மருமகள், வக்கீல் எல்லோரும் கட்கிக்காரர்களாகவே பேசினார்கள். முன்வரிசைப் பெரியவர் பொறுக்க முடியாமல் திரும்பி முறைத்தார். நீ அவரிடம் மராத்தியில் ஏதோ சொன்னாய். அவர் முகம் மாறிவிட்டது. இடைவேளையில் எங்களைத் தேடி வந்து, தானே உருளைக்கிழங்கு பட்டாட்டா வடை வாங்கிக் கொடுத்து, முதல் அங்கம் முழுவதையும் ஆங்கிலத்தில் விளக்கினார். அவரிடம் என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன்.

“இந்த நாடகத்தப் பாக்கத்தான் நீ கடல் தாண்டி வந்துகீறன்னு சொன்னேன்.”

அதற்குப் பிறகு நான் ஜன்னலோரம் உட்காரவே இல்லை. வகுப்பிலிருந்த மற்ற வெளிநாட்டுப் பிள்ளைகளும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால் ஆற்றங்கரையில் டோல் தாஷா மேளப் பயிற்சிக்கு அழைத்துப் போனாய். எனக்குப் பெரிய டோலை இடுப்பில் கட்டிவிட்டார்கள். நீ மட்டும் அதைத் தொடாமல் ஜால்ராவை எடுத்துக்கொண்டாய். டோலின் கனம் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். காரணம் சிம்ஹகட் கோட்டைக்கு ஏறும்போதுதான் தெரிந்தது.

முதல் வளைவிலேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினாய். நான் பயந்துபோனேன்.

“ஏனடி, என்ன செய்யுது?”

“ஒண்ணியும் இல்ல. சின்ன வயசுல நெஞ்சத் தொறந்து ரிப்பேர் பண்ணிகீறாங்க. கனமா எதுவும் கட்டக் கூடாது. ஆனா டாக்டர் நடன்னாரு. மெதுவா நட, நெறைய நடன்னாரு.”

“அப்ப நாங்கள் கீழயே இருப்பம்.”

“நீ வேணா இரு. நான் மேல போயி பிட்லா பாக்ரி சாப்பிடணும்.”

எங்களைத் தாண்டி எல்லோரும் போனார்கள். உனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நின்று நின்று, மழையில் நனைந்து, பாதையோரம் சோளக்கதிர் வாங்கித் தின்று, கடைசி ஆளாக மேலே போய்ச் சேர்ந்தாய். கடலைமாவுப் பிட்லாவைச் சோள ரொட்டியோடு தின்றோம், மண்சட்டித் தயிரை வழித்துக் குடித்தோம். கீழே அணைத் தண்ணீர் வெள்ளித் தகடாகக் கிடந்தது. மதிலில் கைவைத்துக்கொண்டு நீ சொன்னாய்: “எங்கூட்ல நான் ஒடம்பு சரியில்லாத பொண்ணு. காலேஜ்ல மார்க் வாங்கற பொண்ணு. இங்க யாருக்கும் நான் யாருமே இல்ல. அது நல்லா கீது.”

பங்குனி வெயில் தொடங்கியபோது தேர்வுகளும் வந்தன. நீ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாய். நாடகம் இல்லை, கோட்டை இல்லை, ஆற்றங்கரை கூட இல்லை. நான் கூப்பிட்டபோதும், “படிக்கணும், அப்பா ஆசப்படறாரு,” என்றாய். ஒரு மதியம் உன் அம்மா தேநீர் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனபோது நீ மேசையில், திறந்த புத்தகத்தின் மேல், தலைசாய்த்துக் கிடந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து அந்த அம்மா விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். பழுதுபார்த்த இடம் என்றைக்கு வேண்டுமானாலும் கைவிடலாம், யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்றார் மருத்துவர்.

நீ போனது படிப்பு மேசையில். ஆனால் படிப்பை யாராவது ஒரு சொல் குறை சொன்னார்களா?

கல்லூரி அஞ்சலிக் கூட்டத்தில் அந்த அதிகாரி பேசினார். நல்ல மாணவி, ஒழுக்கமானவள், வகுப்புக்குத் தவறாமல் வந்தவள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, உடல்நலத்தைப் பார்க்காமல் ஊர் சுற்றியதுதான் இந்த இழப்புக்குக் காரணம் என்று தெரிய வருகிறது என்றார். வெளிநாட்டு மாணவர்களின் ஞாயிறு வெளியூர்ப் பயணங்கள் இனி கிடையாது என்றார். எங்கிருந்து தெரிய வந்தது? யார் சொன்னது? மருத்துவரிடம் கேட்டாரா, உன் அம்மாவிடம் கேட்டாரா? உன்னை ஒருமுறையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டவரா அவர்?

நான் எழுந்து நின்றேன். என் விசா அவர் கையெழுத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

“அவள் படித்துக்கொண்டிருந்தபோதுதான் செத்தாள், சார். புத்தகங்களையும் நிறுத்திவிடலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “நீ இங்கே விருந்தாளி. உட்கார்,” என்றார். உன்னோடு அந்த ஆற்றங்கரையில் டோல் அடித்தவர்கள் கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. வெளியே போய்விட்டேன்.

கருமாதி அன்று கட்கியில் உன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றும்போதே உன் அத்தை ஆரம்பித்துவிட்டார்.

“இந்த சிலோன் பொண்ணு சகவாசந்தான். மலை ஏறறேன், டிராமா பாக்கறேன்னு இட்டுகினு சுத்தி, புள்ளைய முடிச்சுட்டா.”

யார் யாரை இட்டுக்கொண்டு சுற்றியது என்று நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். உன் அண்ணன் மோட்டார் சைக்கிளில் நண்பர்களோடு கோவா போய்வந்தால் அந்த வீட்டில் அது பெருமை. நீ பேருந்தில் போய் ஒரு நாடகம் பார்த்தால் சுற்றல். அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது இயல்பாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

அப்போது சமையலறையிலிருந்து உன் அம்மா வந்தார். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உன் அத்தைக்கு எதிரே நின்றார். அவர் அந்த வீட்டில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

“அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாத. நாந்தான் போவச் சொன்னேன். ஓடாத, குதிக்காதன்னு சின்னதுல இருந்து மடியிலேயே கட்டி வச்சிகினு இருந்தேன். அப்புறம் டாக்டர் வுடும்மான்னாரு. வுட்டேன். மழையில நனஞ்சிகினு சிரிச்சிகினே வூட்டுக்கு வருவா. அத்தப் பாக்கறதுக்கே நான் வாசல்ல நிப்பேன். அத்தத் தப்புன்னு எங்கூட்ல யாரும் சொல்லக் கூடாது.”

உன் அத்தை புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, “நான் ஊரு சொல்றதச் சொன்னேன்,” என்றார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. உன் அப்பா அசையாமல் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் அம்மா என்னைச் சமையலறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். “மேல வரைக்கும் ஏறினாளா?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா. ஒவ்வொரு தரமும்.”

“எங்கிட்ட பாதி தூரந்தான் போவேன்னு சொல்லுவா.”

அவர் அழுதார், சிரித்தார். பிறகு அந்த நாடகத்தைச் சொல்லச் சொன்னார். நீ எனக்குச் சொன்ன கட்கித் தமிழில் எனக்குச் சொல்ல வரவில்லை. நான் நியூஸ் படிப்பதுபோலவே சொன்னேன். அவர் ஒரு சொல் விடாமல் கேட்டார்.

நான் படிப்பை முடித்தேன். விசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கல்லூரியில் அந்தத் தடையை யாரும் நீக்கவில்லை. உன் பெயரைச் சொல்லித்தான் அதை இன்றும் வைத்திருக்கிறார்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நீ ஒரு எச்சரிக்கை. ஊர் சுற்றிச் செத்துப்போன பெண். உனக்குக் கிடைத்த வாழ்க்கையில் நீயாகத் தேர்ந்தெடுத்தவை அந்த ஞாயிறுகள் மட்டும்தான். அவற்றையே உன் குற்றமாக எழுதி வைத்துவிட்டார்கள்.

அதனால் நான் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போகிறேன். நேபாளத்திலிருந்து, கென்யாவிலிருந்து, எங்கள் ஊர்ப் பக்கமிருந்தும் வந்தவர்கள். கல்லூரிக்கு வெளியே சந்தித்து, நாடகத்துக்கும் கோட்டைக்கும் அழைத்துப் போகிறேன். நீ எப்படிப் போனாய் என்று அவர்களிடம் உள்ளபடி சொல்கிறேன். போன வாரம் ஒரு பெண் மலைப்பாதையில் நின்று, “அக்கா, இவ்வளவு வருஷம் கழிச்சும் உங்களுக்குக் கோபம் போகேல்லையா?” என்று கேட்டாள்.

போகவில்லை என்றேன். எல்லோரும் அதை விட்டுவிடு என்கிறார்கள். துக்கம் மட்டும் இருந்திருந்தால் நான் முதல் வளைவிலேயே உட்கார்ந்திருப்பேன். கோபம் இருப்பதால்தான் ஒவ்வொரு முறையும் மேலே வரைக்கும் ஏறிவிடுகிறேன்.