பென் டிரைவின் பெயர் காளி

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பூமாரிக்கு,

நீயும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்து கடை வரை நடந்து போய் வருகிறார்கள் என்று உன் தங்கை மாரீஸ்வரி சொன்னாள். வடிந்து ஒன்றரை மாதம் ஆகிறது என்றும் சொன்னாள். அத்தையைப் பார்த்துக்கொள்ளவென்று ஊருக்குப் போன நீ ஏன் இன்னும் திரும்பவில்லை என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

போனில் பேசாமல் எழுதுகிறேனே என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டதும் பொய் வந்துவிடுகிறது. போன வாரம் எம்பிராய்டரி மெஷின் ரிப்பேர் என்றேனே, அது பொய். மெஷினுக்கு ஒன்றுமில்லை. நீ ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்த டிசைன் அத்தனையையும் நான் அழித்துவிட்டேன்.

நீ மெஷினில் ஏற்றிவிட்டுப் போன நாலு டிசைனை வைத்தே இத்தனை நாள் ஓட்டினேன். புதிதாக ஒன்று எடுக்கலாம் என்று போன மாதம் கம்ப்யூட்டரைப் போட்டால், பாதியில் நின்றுவிட்டது. பக்கத்துச் சந்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பைசானிடம் போனேன். விண்டோஸ் போயிருக்கும், ஒரு காலி பென் டிரைவ் கொண்டு வா, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றித் தருகிறேன், கம்ப்யூட்டர் அதிலிருந்தே கிளம்பும், உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்றான்.

டிராயரில் இரண்டு பென் டிரைவ் கிடந்தன. எது எதற்கு என்று உனக்குத்தான் தெரியும். உன்னிடம் கேட்டிருக்கலாம், ரோஷம் விடவில்லை. பைசான் செருகியதும் ஒன்றுக்குப் பெயரே வரவில்லை. இன்னொன்றுக்கு கே, ஏ, எல், ஐ என்று நாலு இங்கிலீஷ் எழுத்து வந்தது. நாள் முழுக்கக் காலி ரிக்‌ஷா, காலி டப்பா என்று பேசுகிற வாய், காலி என்று படித்தது. இதில் இருப்பதெல்லாம் போய்விடும், பக்காவா பாய் என்று அவன் இரண்டு தடவை கேட்டான். அதிலேயே எழுதியிருக்கிறதே, அழுத்து பாய் என்று நான்தான் சொன்னேன்.

லினக்ஸ் நன்றாகவே வந்தது. கம்ப்யூட்டரும் கிளம்பியது. உள்ளே உன் டிசைன் ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டர் நிரம்பி மெதுவாகிறது என்று நான் கத்தியதால் எல்லாவற்றையும் நீ பென் டிரைவுக்கு மாற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் டிசைன் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் காளியம்மன் பட்டுக்குப் போட்டது என்று அதற்குக் காளி என்றே பெயர் வைத்தாய். அந்தக் கோயிலில் முடி இறக்கியவன் நான்.

பைசான் மீட்டுத் தரப் பார்த்தான். டிசைன் எதுவும் திறக்கவில்லை, பெயர்கள் மட்டும் வரிசையாக வந்தன. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் நீ எழுதிய தமிழ், அன்றன்று நடந்ததையே பெயராக வைத்திருக்கிறாய். இந்தத் தடவை நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். கரண்ட் போச்சு. மாரி கல்யாணம். சண்டை ஒன்று, சண்டை இரண்டு என்று ஏழு வரை. கடைசி டிசைனுக்கு நீ வைத்த பெயர், ‘நான் போட்டது’. தேதி நீ ஊருக்குக் கிளம்பியதற்கு முந்தின நாள்.

அன்றுதான் நமக்கு ஆர்டர் தரும் மாட்டுங்கா ஷ்யாமளா அம்மா வந்து, நாம் கொடுத்த ஜாக்கெட்டில் இருக்கும் மயிலை யார் போட்டது என்று கேட்டார்கள். நான்தான் போட்டேன், இவ நூல் வெட்டுவா என்று உன் முன்னாலேயே சொன்னேன். நீ கத்தரியை வைத்துவிட்டு டீ போடப் போனாய். உனக்கு வருத்தமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெட்கமாக இருக்கிறது பூமாரி. அழித்ததற்கு மட்டும் இல்லை. உனக்குத் தெரியாமல் நானே ஒன்று வரைந்து சமாளித்துவிடலாம் என்று மூன்று நாள் உட்கார்ந்தேன். ஒரு இதழ்கூட வரவில்லை. வந்ததை மெஷினில் அடித்துப் பார்த்தால் நூல் சிக்கித் துணி சுருங்கிப்போனது.

நேற்று மாட்டுங்காவுக்குப் போய், எல்லாமே என் வீட்டுக்காரி போட்டது, நான் சொன்னது பொய் என்று ஷ்யாமளா அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் உடனே உன் நம்பரைத்தான் கேட்டார்கள். கொடுத்தேன். கூப்பிட்டால் பேசு. ஆர்டர் தந்தால் உன் பெயரில் எடுத்துக்கொள், ஊரிலிருந்தே செய்வதானாலும் சரி.

அத்தையைப் பார்த்துக்கொள், உன்னையும் பார்த்துக்கொள். காளி உனக்குத் துணையிருக்கட்டும். வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. சண்டை எட்டு என்று ஒன்று போடுவதாக இருந்தால் மட்டும், இங்கே வந்து உட்கார்ந்து போடு. நூல் வெட்ட நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
இசக்கிதுரை