படல என்று சொன்னேன்

ஞாயிறு, இரவு.

புது சீசனுக்கு ஆள் எடுக்க இன்று சிட்லபாக்கம் மைதானத்தில் கபடி ஆடிப் பார்த்தோம். கேப்டன் நான்தான், தேர்வு செய்வதும் நான்தான். எதிரணியிலிருந்து பாடி வந்த புதுப் பையன் ரபீக் குனிந்து என் கணுக்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். வேறு யாரும் கவனிக்கவில்லை.

"பட்டுச்சுல்லண்ணா?" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நேற்று வந்தவனிடம் நான் அவுட் ஆவதா?

"படலடா."

பட்டால் நாமே கையைத் தூக்கிவிட்டு வெளியேற வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். ஒரு பாயின்ட்கூட எடுக்கவில்லை என்று அவனைக் கழற்றிவிட்டேன்.

"நீ சொன்னா சரிண்ணா" என்று சைக்கிளை எடுத்தான். அவன் என்னைத் திட்டியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.

சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "கணுக்கால்ல என்னங்க, நகம் கீறின மாதிரி இருக்கு?"

"முள்ளு கீறிடுச்சு" என்றேன்.