மாலை போடாத ஆஸ்கார் மீன்

சாமி,

மில்லுக்குக் கிளம்பிட்டேன். இட்லி அடுப்பு மேல இருக்கு. அது உங்களுக்கு மட்டும்.

பழனிக்கு மாலை போட்டது நீங்க. தொட்டியில இருக்குற ஆஸ்கார் மீனு போடல. அதுக்கு இறாலை நிப்பாட்டிட்டு இட்லியப் பிச்சுப் போட்டீங்க. துணைக்குன்னு ரெண்டு தங்கமீனையும் விட்டீங்க. விடிஞ்சு பாத்தா இட்லி அப்படியே கெடக்கு, தங்கமீனக் காணோம். அது வாய்க்குள்ள போற மீனைத் துணைக்கு விடாதீங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா?

இறால் பொட்டலம் பக்கத்து வீட்டு ஆனந்த்ராஜ் அண்ணன்கிட்ட இருக்கு. சாயங்காலம் வந்து போடுவாரு. கதவத் தொறந்துவிட்டுட்டு நீங்க சாமி படத்தப் பாத்துக்கிட்டு நில்லுங்க.

மாலை போட்டவங்களத் திட்டக்கூடாது. அதனால திட்டல.

முத்துப்பேச்சி

பாதயாத்திரைப் பையில கால்வலித் தைலம் வச்சிருக்கேன். நல்லபடியா நடந்து போயி, மாலையக் கழட்டிட்டு வாங்க. திட்ட வேண்டியது அம்புட்டையும் சேத்து வச்சிருக்கேன்.